கூப்பிட்ட வாய்

அன்று மாலை கோழிகள் அடையவில்லை.

கொல்லைக் கதவுக்கு நேரே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு கிடந்த சடையாண்டிதான் அதை முதலில் கவனித்தார். தெற்குக் கடலின் கோடியில் இருந்த பனித்தீவிலிருந்து அவர் திண்டுக்கல்லுக்குத் திரும்பி ஓராண்டு ஆகியிருந்தது. அந்த ஓராண்டில் அவருக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. இரவில் உறக்கமும் இல்லை. இமைகளுக்குள் பொடிமணல் கிடந்து உறுத்துவது போன்ற அசதியோடு, கொல்லையையும் அதற்கு மேற்கே கவிழ்த்த சட்டிபோல் கிடக்கும் மலைக்கோட்டையையும் பார்த்துப் பார்த்தே அவர் பகல்களைக் கழித்து வந்தார். ஆகையால் அந்தக் கொல்லையின் நேரங்கள் அவருக்கு மனப்பாடம். சாயங்காலம் மலையின் நிழல் கிளம்பி, கூரைகளைக் கடந்து, கொல்லைச் சுவரில் ஏறி இறங்கி, துவைகல்லைத் தொடும். தொட்டதும் செவலைக் கோழி முன்னே நடக்க, மற்றவை கொக்கரித்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கூண்டுக்குள் நுழையும். அதன் பிறகு இருட்டும்.

இன்றைக்கு நிழல் சுவர்வரை வந்தது; சுவரில் ஏறவில்லை.

ஆறு மணிக்குத் தோல் பதனிடும் ஷாப்பின் சங்கு ஊதி ஓய்ந்தது. ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் ஊறிய வாடையைச் சட்டையில் ஏந்திக்கொண்டு வேலையாட்கள் தெருவழியே பேசிச் சென்ற ஓசையும் தேய்ந்தது. வெகுநேரம் கழித்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அதற்கும் பிறகு, மதுரைக்குப் போகும் ரயில் தண்டவாளத்தைத் தட்டிக்கொண்டு போயிற்று. வெளிச்சம் மட்டும் போகவில்லை. கத்திரி வெயிலின் மஞ்சள் வடிந்து, பால் திரிந்தாற் போன்ற ஒரு வெளுப்பு, மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்று சொல்லவியலாதபடி கொல்லை முழுவதும் நின்றுகொண்டிருந்தது. ஒன்பது கோழிகளும் துவைகல்லைச் சுற்றி நின்றன. ஒன்றும் மண்ணைக் கிளறவில்லை. ஒன்றும் கொக்கரிக்கவில்லை. எல்லாம் கதவைப் பார்த்து நின்றன.

அந்த வெளுப்பை அவர் அறிவார். அதைக் கடைசியாகப் பார்த்த இடம் திண்டுக்கல் அல்ல.

"எம்புட்டு நேரமா இப்படி இருட்டுக்குள்ளயே கெடக்கீக? எந்திரிச்சு ஒரு வெளக்கப் பொருத்தி வச்சா கை தேஞ்சா போகும்?"

அரிக்கேன் விளக்கோடு பின்னால் வந்து நின்றவள் அவருடைய மனைவி சிவனம்மாள். சடையாண்டி விளக்கைப் பார்த்தார். பட்டப்பகலில் ஏற்றிய விளக்குப்போல் அதன் சுடர் இருக்குமிடம் தெரியவில்லை.

"இருட்டிருச்சா?" என்று கேட்டார்.

"நல்லாக் கேட்டீக போங்க. மணி ஏழரை." அவள் விளக்கை உயர்த்திக் கொல்லையை எட்டிப் பார்த்தாள். "அடியாத்தீ! இதென்ன கூத்து? ஒண்ணுகூட அடையலையே! கோழி புடிக்கிற பொந்தாம்பூன வேற ரெண்டு நாளாச் சுவருமேல திரியுது."

அவளுக்கு இருட்டியிருந்தது. அவருக்கு இருட்டவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று அவர் எண்ணுவதற்குள், ஆண்டாண்டாகப் பழகிய பழக்கத்தால் அவள் கையை நீட்டி, கோழிகளைக் கூப்பிட வாயெடுத்தாள்.

சடையாண்டி பாய்ந்து எழுந்து அவள் வாயைப் பொத்தினார்.

"கூப்பிடாத."

அவள் கையை உதறித் தள்ளினாள். "ஒரு வருசமாச்சு. எங் கோழிய நான் கூப்பிடக்கூடாதுன்னுட்டீக. ஊமச்சி மாதிரி நொய்யரிசியக் காட்டிக் காட்டிக் கூட்டியாரேன். பக்கத்து வீட்டுப் பேச்சாயி கேக்குறா, 'ஏண்டி, ஒன் வாயில என்ன கொழுக்கட்டையா'ன்னு. ஆறு மாசம் நீங்க ஊரு ஒலகம் தெரியாத எடத்துல கெடந்தப்ப இதுகதான் எனக்குத் தொணை. இன்னிக்கு என்ன ஏதுன்னு சொல்லிப்புடுங்க. சொல்லாம நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

அசதி அவரை மறுபடியும் கட்டிலில் உட்கார்த்தியது. மறைத்து வைப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது அவரிடம் தீர்ந்துபோயிருந்தது. அவர் கொல்லையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லத் தொடங்கினார்.

தோல் ஷாப்பில் அவர் இருபது ஆண்டு உப்புப் போடும் வேலை பார்த்தவர். உரித்த தோல் அழுகுவதற்கு முன்பே அதற்கு எவ்வளவு உப்பு, எந்த மடிப்பு, எத்தனை நாள் அடுக்கு என்பதை முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார். ஐம்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில், தென்துருவத்தருகே ஆளில்லாத தீவு ஒன்றுக்குப் பறவைகளை ஆராயப் போகும் அயல்நாட்டுக் குழுவுக்குத் தோலைக் கெடாமல் காக்கத் தெரிந்த ஆள் தேவை என்று சென்னையிலிருந்து கேட்டு எழுதினார்கள். முதலாளி இவரை அனுப்பி வைத்தார். இவ்வளவும் சிவனம்மாளுக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்தான்.

கொழும்பிலிருந்து நாற்பது நாள் கப்பல். அதில் தமிழ் பேச இருந்த ஒரே ஆள் தூத்துக்குடிச் சமையற்காரர் பொன்னுத்துரை. பருத்த உடம்பு, பருத்த சிரிப்பு. வீட்டில் மனைவியும் இரண்டு பெண்களும். கப்பல் குலுங்கிய நாட்களில் சடையாண்டிக்கு வாந்தியெடுக்கச் சட்டி பிடித்தவரும், எழுந்ததும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவரும் அவரே.

தீவு கண்ணில் படுவதற்கு ஒரு நாள் முன்பே அதன் நாற்றம் வந்துவிட்டது. சுண்ணாம்புத் தொட்டியையும் கருவாட்டுக் கிடங்கையும் ஒன்றாய்க் கலக்கிவிட்டாற் போன்ற நாற்றம். கரையெல்லாம் கரிமணல்; மணலுக்கு மேலே பனி; பனிக்கு மேலே பெயரில்லாத மலைகள். கரையில் எருமைகளைவிட மும்மடங்கு பெரிய கடல்யானைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்து, தோலுரிந்த மூக்குகளால் ஆவி விட்டுக்கொண்டு, மனிதர் அருகே வந்தால் சோம்பலாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டன. பழுப்பு நிறப் பருந்து போன்ற பறவைகள் தலைக்குமேல் தாழப் பறந்து, எது செத்தாலும் அதன் கண்ணைத்தான் முதலில் கொத்தின. எல்லாவற்றையும்விட ஆளைத் தேய்த்தது அந்த வெளிச்சம். அங்கே கோடையில் சூரியன் இறங்குவதே இல்லை. கிரிவலம் வருகிறவனைப்போல் அடிவானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கூடாரத்துணியின் வழியாக, மூடிய இமையின் வழியாக, இமைக்குமேல் கட்டிய துண்டின் வழியாக அந்த வெளுப்பு உள்ளே வந்தது. உறங்காத மனிதனுக்கு நாளென்றும் பொழுதென்றும் ஏது? ஒரே பகல். அதில் ஒரே நாற்றம், ஒரே இரைச்சல்.

இரைச்சல் பென்குயின்களுடையது. சரிவு முழுவதும், கண்ணுக்கு எட்டிய மட்டும், முழங்கால் உயரத்தில், கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக அவை நிமிர்ந்து நின்றன. கழுதை கத்துவதுபோல் கத்தின. மனிதரைப் பார்த்தறியாதவை; ஆகவே அச்சமும் அறியாதவை.

"என்னவே இது! கோட்டு மாட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்த கூட்டம் மாதிரில்லா நிக்கி!" என்று பொன்னுத்துரை வயிறு குலுங்கச் சிரித்தார். "சாமியாரத்தான் காணோம். நீரு போய் நில்லும்வே!"

குழுவின் தலைவருக்குத் தோல்கள் வேண்டும். அதுவும் இறகு ஒடியாமல், இரத்தக் கறை படாமல் வேண்டும். துரத்திப் பிடித்தால் இறகு ஒடிகிறது. சுட்டால் ஓட்டை விழுகிறது. பறவை தானாக நடந்து அருகே வந்து நிற்க வேண்டும். பின்கழுத்தில் ஒரே அடி. இதற்கு அவர்கள் இட்ட பெயர் மாதிரி சேகரித்தல். கொலைக்கு ஒரு கோப்புப் போட்டு எண் ஒட்டிவிட்டால் அது ஆராய்ச்சி ஆகிவிடுகிறது. கை மட்டும் கூலிக்காரனுடையது.

அந்த இடத்தில்தான் சடையாண்டி அந்தக் காரியத்தைச் செய்தார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவருக்கே தோன்றிற்று. பனியில் குந்தி உட்கார்ந்து, இடக்கையில் இருந்த கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலக்கையை நீட்டி, இந்தக் கொல்லையில் சிவனம்மாள் கூப்பிடுவதைப் போலவே கூப்பிட்டார்.

"பா… பா… பா…"

ஒன்று வந்தது. தத்தித் தத்தி வந்து, தலையைச் சாய்த்து, நீட்டிய உள்ளங்கையை ஒரு கண்ணால் பார்த்தது. உள்ளங்கையில் ஒரு மணியும் இல்லை. பிறகு அது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது.

சிவனம்மாள் விளக்கைத் தரையில் வைத்தாள்.

"கூப்பிட்டா?" என்றாள். "கூப்பிட்டா அடிச்சீக?"

அவள் கேட்டதன் பொருள் அவர்கள் தெருவில் பிறந்த எவருக்கும் விளங்கும். கோழி அறுப்பது பாவமன்று. விருந்தாளி வந்தால் அறுக்கத்தான் வேண்டும். ஆனால் தீனிக்குக் கூப்பிட்ட வாய் அதைக் கொல்லக்கூடாது. கூப்பிடுவது ஒரு வாக்கு. கொல்ல வேண்டிய நாளில், கூப்பிடாமல், கூண்டில் அடைந்த பின்பு பிடித்து, வளர்க்காத வேறொருவர் கையில் கொடுத்து அறுப்பார்கள். வளர்த்தவள் அப்போது தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவாள். பஞ்சத்திலும் இந்த முறை தவறியதில்லை.

"அது கோழியில்லன்னு நெனச்சேன்," என்றார் சடையாண்டி.

"வாய் உங்க வாய்தான?"

அவர் கொல்லையைப் பார்த்தபடியே மேலே சொன்னார்.

முந்நூறுக்குமேல். ஒவ்வொன்றும் கூப்பிட்டு வந்தது. ஒவ்வொன்றும் முதலில் கையைப் பார்த்தது; பிறகு முகத்தைப் பார்த்தது. தலைவர் அவர் தோளைத் தட்டினார். வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பொன்னுத்துரை மூன்றாம் நாளே சிரிப்பை நிறுத்தினார். சமையல் கூடாரத்திலிருந்து ஒரு கை நொய்யைக் கொண்டுவந்து கொடுத்து, "கையிலயாவது எதையாவது வச்சுக் கூப்பிடும்வே. வெறுங்கையப் பாத்துட்டு அதுக மூஞ்சியப் பாக்கது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு," என்றார். சடையாண்டி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், கையில் எடுக்கவில்லை. மீன் தின்னும் பறவைக்கு நொய் எதற்கு?

இரண்டு வாரம் கழிந்தபின், அவர் சரிவில் ஏறிய ஒரு வேளையில், இரைச்சல் நின்றது.

ஒரே சமயத்தில் நின்றது. பல்லாயிரம் தொண்டைகள். காற்றும், கடலும், தூரத்தில் கடல்யானை ஒன்றின் ஏப்பமும் மட்டும் கேட்டன. எல்லாம் அவரைப் பார்த்து நின்றன. அவர் கூப்பிடவில்லை, திரும்பிக் கீழே நடந்தார். பாதி வழியில், அந்த அமைதிக்குள்ளிருந்து, கழுதைக்குரலும் அல்லாமல் பறவைக்குரலும் அல்லாமல், ஏதோ ஒன்று வாயைப் பழக்கிப் பார்ப்பதுபோல் ஒலித்தது.

"ப்… பா…"

அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மூடுபனி இறங்கியது. சூரியன் அதற்குள் கரைந்து எங்கும் ஒரே வெளுப்பு. நீட்டிய கை தெரியவில்லை. சடையாண்டி கூடாரத்துக்குள் கம்பளிப்பைக்குள் கிடந்தார். எட்டு நாளாக உறக்கம் இல்லை. உடம்பு அவருடையதாகவே இல்லை. அப்போது வெளியே, சரிவின் பக்கத்திலிருந்து, அது வந்தது. தெளிவாக. முழுதாக. அவருடைய குரலில்.

"பா… பா… பா…"

பக்கத்துச் சமையல் கூடாரத்தில் கரண்டி வைக்கும் ஓசை. பொன்னுத்துரையின் குரல்: "எதுக்குவே இந்தப் பனியில போய் நிக்கீரு? வழி தெரியலையா? வாரேம்வே, இரும்!"

நான் இங்கே இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரு கூடாரங்களுக்கும் இடையில் பத்தடி. கிசுகிசுத்தாலும் கேட்கும். சடையாண்டிக்கு எல்லாம் விளங்கிற்று. வாயைத் திறக்கத்தான் முடியவில்லை. அசதி என்றுதான் அவர் இத்தனை நாளும் தமக்குத் தாமே சொல்லி வந்தார். அசதி மட்டும் அன்று. வாயைத் திறந்தால், தாம் எங்கே இருக்கிறோம் என்பது வெளியே நிற்பதற்கும் தெரிந்துவிடும். பூட்ஸ் ஒலி பனியில் நொறுங்கி நொறுங்கிப் போயிற்று. அவர் எண்ணிக்கொண்டே கிடந்தார். நாற்பத்தொன்றோடு நின்றது.

பனி விலகியபின் தேடினார்கள். சமையல் கூடார வாசலிலிருந்து சரிவுவரை பனியின்மேல் நொய் வரிசையாகக் கிடந்தது. அதன் ஓரமாகப் பூட்ஸ் தடம். அதைச் சுற்றிக் கணக்கற்ற சிறு தடங்கள். பென்குயின்கள் வட்டமாக நின்றன. பூட்ஸ் தடம் வட்டத்தின் நடுவில் முடிந்தது. அதற்கு அப்பால் தடம் இல்லை. திரும்பிய தடமும் இல்லை. சடையாண்டி தம்முடைய பையில் கைவிட்டுப் பார்த்தார். நொய் இல்லை.

மூடுபனியில் வழி தவறினார் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். எதையும் கேட்கவில்லை என்று சாட்சி சொல்லிக் கைநாட்டு வைத்தவர் சடையாண்டி.

அவர் நிறுத்தினார். சிவனம்மாள் உத்தரத்துச் சந்தில் செருகியிருந்த ஒரு தபால் கார்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தத் தூத்துக்குடிப் பொம்பள எழுதியிருந்துச்சே. 'அவுக கடைசியா என்ன பேசுனாக'ன்னு கேட்டு. படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு, 'எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னுட்டீக."

"ம்."

"ஒரு வார்த்த. 'இங்கனதான் கெடக்கேன்'னு ஒரு வார்த்த. வாயில என்ன இருந்துச்சு? முந்நூறு தடவ கூப்பிட்ட வாய்தான?"

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள். விளக்கை எடுத்தாள்.

"போகாத, சிவனம்மா. சொன்னாக் கேளு. கோழி போனாப் போகட்டும்."

"கூப்பிடல. வாயத் தொறக்கல, போதுமா? கையால பிடிச்சு அடச்சிட்டு வாரேன். அதுகளாச்சும் பொழச்சுக் கெடக்கட்டும்."

"இங்க இரு. எனக்கு இருட்டல."

"ஒங்களுக்கு என்னிக்குமே இருட்டாது," என்றாள் அவள். வைதாளா, இரங்கினாளா என்று தெரியவில்லை. நிலைப்படி தாண்டி இறங்கிவிட்டாள்.

சடையாண்டி பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணை எடுக்கக்கூடாது என்று எண்ணிக்கொண்டார். அந்த வெளுப்பில் அவளுடைய கருநீலச் சேலை நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. கோழிகள் விலகி வழிவிட்டன. அவள் குனிந்தாள். செவலை பிடிகொடுக்காமல் பின்வாங்கி முருங்கை மரத்துக்குப் பின்னால் போயிற்று. அவளும் போனாள். சேலையின் ஒரு முனை மரத்தின் ஓரத்தில் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

கொல்லையில் எட்டுக் கோழிகள். அவை கழுத்தை நீட்டின. இன்னும் நீட்டின. இறக்கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, கோழி நிற்கும் நிலையில் அல்லாமல், செங்குத்தாக நின்றன.

வாடை வந்தது. ஆவாரம்பட்டை வாடை அன்று. தோல் ஷாப்பு வாடை அன்று.

சித்திரை மாதத்துத் தரை அவர் பாதத்தில் சில்லிட்டது.

தெருவில் ஓசை இல்லை. பேச்சாயி வீட்டுக் குழந்தையின் அழுகை நடுவில் அறுந்தது. காற்று இருந்தது. எங்கோ கடல் இருந்தது. திண்டுக்கல்லில் கடல்.

முருங்கைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"பா… பா… பா…"

அவருடைய குரல்.

"என்னங்க?" சிவனம்மாள் கேட்டாள். இன்னும் அப்பாலிருந்து. சுவருக்கும் அப்பாலிருந்து. "அங்கிட்டு எப்பப் போனீக? கட்டில்லயில்ல உக்காந்திருந்தீக?"

சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பனியில் வைத்த உலோகத்தில் விரல் ஒட்டுவதுபோல.

"இருங்க. வாரேன்."

அவர் நாக்கைப் பிய்த்தெடுத்தார்.

"சிவனம்மா! நான் இங்கனதான் இருக்கேன்! இங்கன! கட்டில்ல! போகாத!"

கத்தினார். ஓராண்டாகத் தொண்டையில் கிடந்த சொல் அது. சுவரில் மோதியது. மலையில் மோதித் திரும்பி வந்தது. தாம் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லியாயிற்று. உரக்கச் சொல்லியாயிற்று.

அமைதி.

எட்டுத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

அவர் கீழே பார்த்தார். கட்டிலின் கால்மாட்டிலிருந்து நிலைப்படிவரை, நிலைப்படியிலிருந்து துவைகல்வரை, ஒரு விரற்கடை இடைவெளியில், நொய். வரிசையாக.

நிமிர்ந்தார்.

சிவனம்மாள் துவைகல்லுக்கு அருகில் குந்தி உட்கார்ந்திருந்தாள். விளக்கு இல்லை. முகம் வெளுத்திருந்தது. அவரைத்தான் பார்த்தாள். பறவைகள் அவளைச் சுற்றி வட்டமாக நின்றன. எட்டு அல்ல. சுவர்வரை நின்றன. சுவருக்கு மேலே, மலைச்சரிவு முழுவதும், கண்ணுக்கு எட்டிய மட்டும் நின்றன.

அவள் வாய் திறந்தது. குரல் அவருடையது.

"பா…"

அவர் பாதம் தரையில் இறங்கியது.

"பா…"

நிலைப்படி. நொய் உள்ளங்காலில் குத்திற்று. தத்தி நடந்தார்.

"பா…"

அவளுடைய இடக்கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. வலக்கை நீண்டிருந்தது.

சடையாண்டி அருகே போய் நின்றார். தலையைச் சாய்த்து, அந்த உள்ளங்கையை ஒரு கண்ணால் பார்த்தார். ஒரு மணியும் இல்லை.

பிறகு நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்தார்.